பதினோரு நிமிடத் தையல்

அண்ணே,

கடையில் பலாக்கட்டைச் சாயத்தின் வாசனை அடிக்கிறது. ரெக்சின், ஸ்பஞ்சு, பசை, லோரி சீட்டில் ஊறிப்போன வியர்வை, இதெல்லாம் நாறும் கடை இது. இருபத்தேழு வருஷமாக இந்த நாற்றத்துக்குப் பழகிய மூக்கு, நேற்றுக் காலை அந்தச் சாய வாசனை வந்ததும் சட்டென்று நிமிர்ந்துவிட்டது. வாசலில் பந்தே நின்றுகொண்டிருந்தார். பிக்குவை நாம் அப்படித்தானே கூப்பிடுவோம். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, கிள்ளானில் இறங்கி, அந்த வெயிலில் கடை வரைக்கும் நடந்தே வந்திருக்கிறார். ஒரு ஃபோன் போட்டிருந்தால் நானே வந்து எடுத்திருப்பேனே என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

பைக்குள் போன வருஷத்துச் சீவரம். பிக்குகளின் மழைக்கால வாசம் முடிந்ததும் நம் தியான நிலையத்தில் எல்லோரும் கூடி, வெட்டி, கையால் தைத்து, சாயம் தோய்த்து, ஒரே நாளில் முடித்துக் கொடுப்போமே, அந்த மேலாடை. தோள் பக்கம் தையல் விட்டிருக்கிறது. நடுவில் மூன்று இடத்தில் வாய் பிளந்திருக்கிறது. கீழ் ஓரத்தில் ஒரு முழ நீளம் மட்டும் நேற்றுத் தைத்த மாதிரி இருக்கிறது. பந்தே அதை விரலால் தடவிக் காட்டினார். இந்த இடம் மட்டும் அசையவே இல்லையே, யார் தைத்தது என்று கேட்டார்.

தெரியாது பந்தே என்றேன்.

தெரியாதாம். என் கைத்தையலை ஆயிரம் தையலுக்கு நடுவில் போட்டாலும் எனக்குத் தெரியும். அது உங்களுக்கும் தெரியும், அண்ணே. ஒரு பொய் சொன்னவனுக்கு இன்னொரு பொய் எவ்வளவு லேசாக வருகிறது பாருங்கள்.

முதல் பொய்யை உங்கள் மகளிடம் சொன்னேன். அவள் மெல்பர்னிலிருந்து நாளை வந்து இறங்குகிறாள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. நாளை மறுநாள் சனிக்கிழமை உங்கள் பேரில் தானம் கொடுக்கிறாள். அன்றைக்கே இந்த வருஷத்துச் சீவரமும் தைக்கிறோம். துணி அவள் வாங்கித் தருகிறாள். போன வாரம் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "முதல் தையல் நீங்கதான் போடணும் அங்கிள். அப்பாவோட கடைசி ஃப்ரெண்ட் நீங்கதான்." அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய்யை வைத்துக்கொண்டு அந்த ஊசியைத் தொட வேண்டும், இல்லையென்றால் உண்மையைச் சொல்லி உங்களுக்குப் பிறகு அவளையும் இழக்க வேண்டும். இரண்டில் எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். வேறு யாரிடம் கேட்பது?

உங்களை முதலில் பார்த்தது வேலை விஷயமாக. பிரிக்பீல்ட்ஸில் எல்லோருக்கும் தெரிந்த பெரிய விகாரை இல்லை நம்முடையது. ஒரு சீனத்து ஆன்டி இறக்கும்போது எழுதிக் கொடுத்த இரண்டு மாடி வீடு. முன்னறையில் புத்தர், பின்பக்கம் புளிச்ச பழம் உதிர்க்கும் பிலிம்பிங் மரம், மரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் நடந்தபடியே தியானம் செய்ய இருபத்திரண்டு அடி நீளத்துக்கு நடைபாதை. நில அளவை இலாகாவில் ரிட்டையர் ஆகிவிட்டு நீங்கள் அந்த வீட்டின் ஓட்டை ஒடிசலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உட்காரும் மெத்தைகள் கிழிந்து பஞ்சு கொட்டுகிறது என்று யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். நாற்பது மெத்தையை வேனில் ஏற்றி வந்து மெஷினில் இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தேன். நீங்கள் பாக்கெட்டிலிருந்து ஸ்கேல் எடுத்து மூலைகளை அளந்து பார்த்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லோரிக்காரன்கூட என் வேலையை அளந்து பார்த்ததில்லை.

"நல்ல வேலை ஐசே. ஆனா இதைத் தைக்கேக்க நீர் எங்க இருந்தனீர்?"

யாரையும் அப்படி 'ஐசே' போட்டுத்தான் கூப்பிடுவீர்கள். கடையில்தான் என்றேன். உடம்பு கடையில், நீர் எங்கே என்று திருப்பிக் கேட்டீர்கள். பென்ஷன் வாங்குகிற ஆளுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன். வேனை எடுத்த பிறகு யோசித்தால், நாற்பது மெத்தை தைத்த அந்த இரண்டு நாளும் நான் மனசுக்குள் மருமகனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மெத்தைகூட எனக்கு ஞாபகமில்லை.

நான் கோபக்காரன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கஸ்டமரைத் திட்டிக்கொண்டே மெஷினை மிதித்து, ஊசியைக் கட்டைவிரலில் ஏற்றிக்கொண்டவன் நான். அந்த விரலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர் பிரஷரையும் பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஐம்பத்தெட்டைத் தாண்ட மாட்டாய் என்றார். அந்தப் பயத்தில்தான் ஒரு சனிக்கிழமை நிலையத்துக்கு வந்தேன். பக்தி ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரி, சாமியை மாற்றிவிட்டாயா என்று ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் உங்களைப் பட்டை பூசிய நெற்றியோடு பார்த்த பிறகுதான் அவளுக்கு நிம்மதி வந்தது.

உங்களுக்கும் உங்கள் ஆட்கள் அதே கேள்வியைத்தான் வேறு மாதிரி கேட்டார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அக்கா மகன் அங்கே சண்டையில் போய் உடம்புகூடக் கிடைக்காத வீடு, நீங்கள் போய்ச் சிங்களப் பிக்குவின் முன்னால் உட்காருவதா என்று ஒரு கல்யாணப் பந்தியில் உங்கள் மச்சான் எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் பக்கத்து இலையில் இருந்தேன். நீங்கள் ரசத்தைக் குடித்து முடித்துவிட்டு, அமைதிக்காக அங்கே போவதாக யார் சொன்னது, கோபப்படத்தான் போகிறேன், வீட்டில் கோபப்பட்டால் பாத்திரம் உடைகிறது என்றீர்கள். அவர் மோருக்குக் கை நீட்டினார். அந்தப் பையனின் நினைவு நாளில் பந்தே உங்களோடு அந்த இருபத்திரண்டு அடியையும் பேசாமல் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். காலைத் தூக்கி, நகர்த்தி, வைத்து, முனைக்கு வந்ததும் நின்று, திரும்பி. மழை தூறியபோதும் இரண்டு பேரும் உள்ளே வரவில்லை.

எனக்கு உட்கார்ந்து கண்ணை மூடினால் தூக்கம். நடந்தால் கால் தானாக லோரிக்குப் பின்னால் ஓடுகிற மாதிரி ஓடும். பந்தேதான் ஊசியைக் கையில் கொடுத்தார். உன் கை ஏற்கெனவே கற்ற வேலையையே மெதுவாகச் செய்து பார் என்றார். மூச்சு உள்ளே போகும்போது ஊசி உள்ளே. வெளியே வரும்போது நூல் வெளியே. ஒரு மூச்சுக்கு ஒரு தையல். நாளைக்கு எட்டு சீட் முடிக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை! முதல் நாள் மெத்தை உறையில் இரண்டு விரல் நீளம் தைப்பதற்குள் எனக்குக் கழுத்து நரம்பு தெறித்தது. நீங்களோ ஊசியைப் பிடிக்கவே தெரியாதவர். உங்கள் தையல் குடிகாரன் நடை மாதிரி போகும். ஆனால் நீங்கள் ஒரு தடவைகூடத் தலை நிமிர மாட்டீர்கள். நான் உங்களுக்கு முடிச்சுப் போடக் காட்டிக் கொடுத்தேன். நீங்கள் எனக்கு அந்த வாக்கியத்தைக் கொடுத்தீர்கள்.

"நூல் முடியட்டும் ஐசே. அதுவரைக்கும் எழும்பக்கூடாது."

ஊசியில் கோத்த நூல் முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. மூக்கு அரித்தாலும் சரி, கால் மரத்தாலும் சரி, சமையலறையில் யாரோ தட்டைப் போட்டு உடைத்தாலும் சரி. இது பந்தே போட்ட சட்டம் இல்லை. நாம் இரண்டு பேரும் போட்டுக்கொண்டது. அதோடு விட்டோமா? அதை ஒரு பந்தயமாக்கினோம்.

ஒரு நாள் நான் பின்பக்கம் நடந்துகொண்டிருக்கிறேன். சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. நடையை விட்டு எடுத்து ஹலோ என்றால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து உங்கள் சிரிப்புக் கேட்கிறது. "பிடிபட்டீர்!" அறுபத்துமூன்று வயது மனிதர், தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, ஃபோனைக் காதில் வைத்தபடி. தோற்றவன் அன்றைக்கு எல்லோருடைய கோப்பைகளையும் கழுவ வேண்டும் என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னீர்கள். முப்பது கோப்பை கழுவினேன். அடுத்த மாதம் மெத்தை தைக்கும்போது மறுபடி அடித்தீர்கள். மறுபடி எடுத்தேன். மூன்றாவது முறை, எடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தும் கை தானாகப் பைக்குள் போய்விட்டது. மூன்று முறையும் கோப்பை என் தலையில். அடுத்த முறை இந்த மனுஷனைக் கோப்பை கழுவ வைக்காமல் விடமாட்டேன் என்று பந்தே எதிரிலேயே சபதம் போட்டேன். பந்தே முகம் சுளித்தார். நாம் கண்டுகொள்ளவில்லை.

அந்த நாளுக்கு வருகிறேன், அண்ணே. சுற்றி வளைத்தது போதும்.

காலை ஏழரைக்கே துணியை வெட்டிவிட்டார்கள். வயலுக்கு வரப்புக் கட்டுவது போலத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப் போடுகிற ஆடை அது. ஒன்பது பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்தோம். உங்கள் இடம் காலி. வாயு மாதிரி நெஞ்சில் பிடிக்கிறது, ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறேன், சாப்பாட்டு நேரத்துக்குள் வருகிறேன் என்று எட்டு மணிக்கு மெசேஜ் போட்டிருந்தீர்கள். முந்தின நாள் சாப்பிட்ட கடலையின் வேலை என்று பதில் போட்டேன். கிண்டல் படம் ஒன்றும் கூடச் சேர்த்து அனுப்பினேன். பிறகு ஃபோனை அதிர்வில் வைத்து, பாயில் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கீழ் ஓரத்தைக் கையில் எடுத்தேன்.

ஒன்பது நாற்பத்தேழுக்கு ஃபோன் அதிர்ந்தது. உங்கள் பெயரைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஊசியில் ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக நூல் இருந்தது.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. வந்துவிட்டார், மரத்தடியில் நின்று அடிக்கிறார், இன்றைக்குக் கோப்பை கழுவப் போவது நீங்கள்தான் என்று நினைத்தேன். உதட்டில் சிரிப்புக்கூட வந்தது. ஊசி உள்ளே, மூச்சு உள்ளே. ஃபோன் அடித்து ஓய்ந்தது. ஊசி வெளியே. நாற்பத்தொன்பதுக்கு மறுபடி அதிர்ந்தது. பாயில் அது நகர்ந்து என் முழங்காலைத் தொட்டது. நான் தலையைத் திருப்பவில்லை. பிறகு அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. அண்ணே, என் ஆயுளில் அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை. மருமகன் இல்லை, கடை வாடகை இல்லை, பிரஷர் இல்லை. துணியின் நெசவு கண்ணுக்குத் தனித்தனி இழையாகத் தெரிந்தது. ஒவ்வொரு தையலும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஐந்து வருஷமாக எதற்காக உட்கார்ந்தேனோ அது அன்றைக்குத்தான் எனக்குக் கிடைத்தது. நீங்கள் உங்கள் நான்காம் மாடி வீட்டில் சமையலறைத் தரையில் கிடந்த நேரம் அது.

நூல் முடிந்தது. முடிச்சுப் போட்டேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்தேன். ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு உங்களைக் கூப்பிட்டேன், ஜெயித்தவன் குரலைத் தயார் பண்ணிக்கொண்டு. நீங்கள் எடுக்கவில்லை. பின்பக்கம் போய் மரத்தடியில் பார்த்தேன், தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். மறுபடி அடித்தேன். அப்போதுதான் உங்கள் எட்டு மணி மெசேஜ் ஞாபகம் வந்தது. செருப்பில்லாமல் ஓடினேன். உங்கள் அடுக்குமாடி பத்து நிமிட நடைதான். லிஃப்ட் ஏழாம் மாடியில் நின்றுகொண்டிருந்ததால் படியேறினேன். இரும்புக் கதவில் உள்பக்கம் பூட்டு. கீழே இறங்கி, நேப்பாளி காவலாளியை மலாயில் கெஞ்சி, அவன் பூட்டு வெட்டும் கத்தரியைத் தேடிக் கொண்டுவந்து அறுத்து உள்ளே போனோம். நீங்கள் சூடாகத்தான் இருந்தீர்கள். ஃபோன் உங்கள் கைக்கடியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பத்து நிமிஷம் முந்தி வந்திருந்தால்? அவர் என் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார். "சொல்ல முடியாது அங்கிள். சான்ஸ் இருந்திருக்கலாம்." எழுதுகிற கையை நிறுத்தாமல் சொன்னார்.

மறுநாள் உங்கள் மகள் வந்தாள். விமானத்தில் உடுத்திய அதே உடுப்போடு, உங்கள் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அப்பா உங்களுக்கு இரண்டு தடவை அடித்திருக்கிறாரே என்றாள். குற்றம் சாட்டும் குரலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான், ஃபோனை வாசலில் செருப்பு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது நிலையத்தின் சட்டம், எனக்குக் கேட்கவில்லை அம்மா என்றேன். இல்லாத சட்டத்தை ஒரே மூச்சில் உண்டாக்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க என்ன பண்ணுவீங்க அங்கிள், மனசை விடாதீங்க என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். பெற்ற அப்பனைப் பறிகொடுத்த பெண், எனக்கு. அன்றிலிருந்து மாதம் தவறாமல் என் பிரஷரை விசாரித்து மெசேஜ் வருகிறது.

அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் குடித்த கோப்பைகளை எல்லாம் நான்தான் கழுவினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. ஏன் என்று உங்கள் மச்சானுக்குப் புரியவில்லை.

நேற்றுப் பந்தே புறப்படும்போது கேட்டேன், சுற்றி வளைத்துத்தான். ஒருவன் கவனமாக ஒரு வேலையைச் செய்கிறான், பக்கத்தில் ஒரு சத்தம் வருகிறது, அதை விட்டுவிட வேண்டுமா என்று. சத்தம் கேட்டால் கேட்டது என்று அறிய வேண்டும், கை வேலை செய்வதை அறிய வேண்டும், எழ வேண்டியிருந்தால் எழுவதையும் அறிந்துகொண்டே எழ வேண்டும் என்றார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை மூடுவது கவனம் இல்லை, பிடிவாதம் என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இதைப் போன வருஷமே சொல்லியிருக்கலாமே பந்தே என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். அவர் வாசலில் நின்று திரும்பினார். சொன்னேன், இரண்டு பேருக்கும் சொன்னேன், நீங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள் என்றார்.

அவர் போன பிறகு பிளேடை எடுத்தேன். அந்த ஒரு முழத்தை அறுத்து எறிந்துவிட்டு வேறு நூலில் தைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? முனையில் பிளேடை வைத்தேன். அறுக்க முடியவில்லை. அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

இது வரைக்கும் வியாழக்கிழமை எழுதியது, அண்ணே. இன்று ஞாயிறு. கடை மூடியிருக்கிறது. நான் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.

சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை துணி வெட்டுவதற்கு முன்னால் அவளைப் பின்பக்கம் கூப்பிட்டேன். உங்கள் நடைபாதையின் முனையில் நின்றோம். அவளுக்கு உங்கள் நெற்றி, அண்ணே. வாசலில் ஃபோன் வைக்கிற சட்டம் எதுவும் கிடையாது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பந்தயத்தைச் சொன்னேன், கோப்பையைச் சொன்னேன், கிண்டல் படத்தையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. முடித்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

"பேரப் பாத்தீங்களா அங்கிள்?"

"பாத்தேன்மா."

பிலிம்பிங் மரத்தடியில் பழம் விழுந்து நசுங்கிக் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எனக்கு அடிக்கல. உங்களுக்குத்தான் அடிச்சாரு, ரெண்டு தடவையும். இந்த ஒரு வருஷமா அதுக்காக உங்க மேல பொறாமையா இருந்திச்சு." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்கு அடிச்சிருந்தா நான் எடுத்திருப்பேன்."

எடுத்திருப்பாள். நாலாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து காவலாளியையோ, பக்கத்து வீட்டையோ, ஆம்புலன்ஸையோ கூப்பிட்டிருப்பாள். நான் பத்து நிமிட நடைத் தூரத்தில் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கையைத் தூக்கி, வேண்டாம் என்பது போல நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

முதல் தையலை அவளே போட்டாள். தையல் தெரியாத கை. உங்களைப் போலவே கோணலாகப் போனது. நான் வட்டத்தில் உட்காரவில்லை. தானம் முடிந்து எல்லோரும் குடித்த கோப்பைகளைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கழுவினேன். அவள் கோப்பையும் அதில் இருந்தது, தேநீர் தொடாமல் ஆறிக் கிடந்தது. நான் துடைத்து அடுக்கிவிட்டு வெளியே வருவதற்குள் அவள் டாக்சியில் ஏறிப் போய்விட்டாள். இனிமேல் மெசேஜ் வராது. வரக் கூடாது என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனாலும் காலையிலிருந்து நாலு தடவை பார்த்துவிட்டேன்.

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபட்டீர் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அண்ணே. அதையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். மூன்று தடவை விளையாட்டுக்கு அடிக்காமல் இருந்திருந்தால் நான்காவது தடவை நான் எடுத்திருப்பேன். நெஞ்சு பிடிக்கிறது என்று எட்டு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஓமத் தண்ணீர் குடித்தது யார்? இப்படி ஒரு நாள் முழுக்க உங்களைத் திட்டுவேன். பிறகு அந்தக் கிண்டல் படம் நினைவுக்கு வரும். வாயை மூடிக்கொள்வேன்.

பந்தேயின் சீவரம் இப்போது என் மடியில் இருக்கிறது. தோள் பக்கத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு முழத்தைத் தொடவில்லை. அது அவர் உடம்பிலேயே இருக்கட்டும். சனிக்கிழமைகளில் அவர் பிச்சைப் பாத்திரத்தோடு நிலையத்துத் தெருவில் வரும்போது அந்த ஓரம் என் கண்ணுக்கு மட்டும் தெரியும். நாளைக்கு அவரிடமும் போய், அதைத் தைத்தது யார் என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

நடையை நான் விடவில்லை, ஊசியையும் விடவில்லை. ஒரு மூச்சுக்கு ஒரு தையல்தான் இன்றைக்கும். ஆனால் ஃபோனின் சத்தத்தைக் கூட்டி மேசை மேல், கண்ணெதிரே வைத்திருக்கிறேன். அடித்தால் அந்த நொடியே கை நூலை விட்டுவிடுகிறது. இன்று காலையிலிருந்து மூன்று தடவை அடித்தது. ஒன்று பேங்க் லோன் வேண்டுமா என்று கேட்ட பெண். ஒன்று கோழி ஆர்டர் பண்ண வேண்டும் என்று நம்பர் மாறி அடித்த ஒரு மலாய்க்கார ஆன்டி. இது கோழிக்கடை இல்லை மாக்சிக் என்று பொறுமையாகச் சொன்னேன். மூன்றாவது என் வீட்டுக்காரி, கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லி. ஒவ்வொரு தடவையும் மூச்சு அறுந்து, திரும்ப எடுக்கும்போது தையல் விலகிவிட்டது. தோள் முழுக்கக் கோணல். இருபத்தேழு வருஷத்தில் இவ்வளவு மோசமாக நான் எதையும் தைத்ததில்லை.

ஊசியில் இன்னும் ஒரு முழ நூல் இருக்கிறது. அதை முடித்துவிட்டு உங்களுக்கு இன்னும் நாலு வரி எழுதலாம் என்று

அடிக்கிறது, அண்ணே. யாரென்று பார்க்கவில்லை. எடுத்துவிட்டு வருகிறேன்.